இந்தச் சுமை எவர் தோளில்?

எண்ணெய் விலை ஏறிய செய்தி நள்ளிரவில் வருகின்றது. மறுநாட் காலை சாரதி வண்டியை எடுக்கின்றான். பேருந்து ஓடுகின்றது, லொறி சந்தைக்கு வருகின்றது, முச்சக்கர வண்டி சந்தியில் நிற்கின்றது. “பார்த்தீர்களா, மக்கள் சமாளித்துக் கொண்டார்கள்” என்று ஆட்சிபீடத்தில் அமர்ந்திருப்போர் ஆறுதல் அடைகின்றனர். சமாளித்தல் என்ற அந்த ஒரு சொல்லின் கீழே எத்தனை பேருடைய கடனும் பட்டினியும் மறைந்து கிடக்கின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அதனினும் வருந்தத்தக்கது.

சாரதி சமாளிக்கின்றான் என்பது மெய். ஆனால், சமாளிக்கும்போது அவன் சுமையைக் கீழே போட்டுவிடுவதில்லை. தன் தோளிலிருந்து அடுத்தவன் தோளுக்கு மாற்றுகின்றான். அடுத்தவன் தனக்கு அடுத்தவனிடம் மாற்றுகின்றான். இவ்வாறு மாறி மாறிச் சென்று, மாற்றிவிடுவதற்கு வேறு தோள் அற்ற ஒருவனிடம் அது நிலைத்துவிடுகின்றது. அந்த ஒருவன் யார்? அவனைக் காணாமல் எண்ணெய் விலையைப் பற்றிப் பேசுவதெல்லாம் வீண் பேச்சேயாகும்.

அரையாண்டில் நிகழ்ந்தவை

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். 2021 டிசெம்பர் இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் ஒன்று 177 ரூபா. டீசல் 121 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் கைவிரித்தது. ஏப்பிரல் 19இல் பெற்றோல் 338 ரூபா. மே 24இல் 420 ரூபா. ஜூன் 26இல் 470 ரூபா. டீசல் 460 ரூபாவைத் தொட்டது. அரையாண்டுக்குள் பெற்றோல் இரண்டரை மடங்குக்கு மேலும், டீசல் ஏறத்தாழ நான்கு மடங்கும் ஏறின.

அந்த விலை கொடுக்கச் சித்தமாய் இருந்தவனுக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. ஜூன் 27 தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு அன்றி மற்றெவருக்கும் எண்ணெய் இல்லை எனக் கட்டளை பிறந்தது. அதற்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வரிசையில் காத்து நின்ற முதியவர் இருவர் உயிர் துறந்தனர். அவருள் ஒருவர் 70 வயதிலும் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்த சாரதி. ஏப்பிரல் 19ஆந் திகதி றம்புக்கனையில் விலையேற்றத்தை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் மாண்டார்.

1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஒரேயடியாக ஏறியபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. ஒக்டோபரில் பிரதமரே பதவி துறந்தார். ஒரே நாளில் விழும் அடியை மக்கள் மறப்பதில்லை என்ற பாடத்தை ஆட்சியாளர் நன்கு கற்றுக் கொண்டிருக்கின்றனர். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் மாதாமாதம் விலை திருத்தும் வழக்கம் வந்தது. ஒரு மாதம் ஐந்து ரூபா குறையும். மறு மாதம் பத்து ரூபா கூடும். 2024 ஜனவரி முதலாந் திகதி பெற்றோலும் டீசலும் 18 வீதப் பெறுமதி சேர் வரிக்குள் வந்தபோது, 92 பெற்றோல் 346 ரூபாவிலிருந்து 366 ரூபாவுக்கு ஏறியது. இடியாக விழுந்தது இப்போது தூறலாகப் பெய்கின்றது. தூறலுக்கு எவரும் ஹர்த்தால் செய்வதில்லை, நனைந்துகொண்டே நடக்கின்றனர்.

சாரதி செய்வது என்ன?

முச்சக்கர வண்டிக்காரர் தாங்கியை நிரப்பும் வழக்கத்தை விட்டுவிட்டார். “ஐந்நூறு ரூபாவுக்கு அடியுங்கள்” என்கின்றார். ஆளைத் தேடி ஓடுவதை நிறுத்திச் சந்தியிலேயே காத்திருக்கின்றார். வாடகையை உயர்த்துகின்றார்; உயர்த்தினால் ஏறுவார் குறைகின்றனர்; குறைத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. லீசிங் கட்டணத்துக்குத் தவணை சொல்லி நாட்களைக் கடத்துகின்றார். அவர் உயர்த்திய வாடகையைத் தருபவர் எவர்? கார் உடையவர் அல்லர். வைத்தியசாலைக்குக் கிளினிக் செல்லும் கிழவியும், பிரசவத்துக்கு விரையும் குடும்பமுமே தருகின்றனர்.

தனியார் பேருந்துச் சாரதியும் நடத்துனரும் வண்டி நிறையும்வரை தரிப்பிடத்தில் நிற்கின்றனர். ஆள் குறைந்த இரவுச் சேவையைக் கைவிடுகின்றனர். முதலாளியின் கணக்கில் அது சிக்கனம். ஆனால், கடைசிப் பேருந்து ஓடாத ஊரில் மாலை வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளையின் படிப்பு அன்றோடு நிற்கின்றது. அந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

லொறிச் சாரதியின் கதையை எண்களாலேயே பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஐந்து தொன் வெங்காயம் ஏற்றிய லொறி லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டால், 80 லீற்றர் டீசல் வேண்டும். 121 ரூபா விலையில் அது 9,680 ரூபா. 460 ரூபா விலையில் 36,800 ரூபா. மேலதிகச் செலவு 27,120 ரூபா. ஐந்து தொன்னுக்கும் பகிர்ந்தால், கிலோ ஒன்றுக்கு 5 ரூபா 42 சதம். லொறி வெறுமையாகத் திரும்புமாயின் அது இரட்டித்து, 10 ரூபா 85 சதமாகின்றது.

இந்தப் பத்து ரூபாவை எவர் கொடுக்கின்றார்? லொறிக்காரர் வாடகையோடு சேர்த்து வியாபாரியிடம் வாங்கிக் கொள்கின்றார். வியாபாரி அதைக் கொழும்புச் சந்தையில் ஏற்ற முயல்கின்றார். அங்கே இறக்குமதிப் பொருளும் கொள்வோரின் வறுமையும் அவரைத் தடுக்கின்றன. ஆகவே அவர் திரும்பிப் பார்க்கின்றார். சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் அறுத்த பயிரை வைத்துக்கொண்டு நிற்கும் தோட்டக்காரனிடம் அந்தப் பத்து ரூபாவைக் கழித்துக் கொள்கின்றார். அழுகும் பொருளை வைத்திருப்பவனுக்குப் பேரம் பேச நாளில்லை. மேலும், தெற்கிலிருந்து வரும் உரத்துக்கும் விதைக்கும் மருந்துக்கும் உரிய வாடகையும் அவனே தருகின்றான். போகும் பொருளுக்கும் வாடகை, வரும் பொருளுக்கும் வாடகை! மாற்றிவிட வேறு தோள் அற்றவன் எவன் என்று கேட்டோமே, அவன் இவன்தான்.

மண்ணெண்ணெய் கற்பித்த பாடம்

அவன் தனித்தவனும் அல்லன். கடலில் இறங்கும் தொழிலாளி அவன் பக்கத்தில் நிற்கின்றான். சிறு படகின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகின்றது. தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரமும் பெரும்பாலும் அதனாலேயே ஓடுகின்றது. 2022இல் பெற்றோலும் டீசலும் நானூறு ரூபாவைத் தாண்டியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது. விலை வேறுபாட்டைக் கண்ட சிலர், மண்ணெண்ணெயை டீசலோடு கலந்து வண்டி ஓட்டினர். அதுவும் ஒரு சமாளிப்பே! மானியத்தை நீக்க வேண்டும் என்போருக்கு அக்கலப்பும் ஒரு வாதமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆந் திகதி நள்ளிரவு மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. வீதியில் சிலர் செய்த தந்திரத்துக்கு மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வடமராட்சியிலும் வலை வீசுவோரும், வலிகாமத்தில் நீர் இறைப்போரும் தண்டம் கட்டினர். குற்றம் செய்தவனைப் பிடிக்க இயலாத அரசாங்கம் கையில் அகப்பட்டவனைத் தண்டித்தது.

தமிழராகிய நாம் இவ்விடத்தில் ஒரு பெருமையைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் டீசலும் செல்லாது தடுக்கப்பட்ட ஆண்டுகளை எவரும் மறந்திரார். பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் அன்று மண்ணெண்ணெயில் ஓடின. காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள் நம் சாரதிகள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரியிட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். அந்த மதிநுட்பத்தைப் பாராட்டாதவன் தமிழன் அல்லன்.

ஆயினும், புகை கக்கிய அந்த வண்டிகளின் இயந்திரத்துக்கு நேர்ந்ததை மெக்கானிக்குகள் அறிவர். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே கசிந்து இறங்கி, கீழேயுள்ள உயவு எண்ணெயை நீர்க்கச் செய்யும். வண்டி ஓடும், ஓடிக்கொண்டே உள்ளே தேயும். ஒரு சமுதாயம் சமாளிப்பதும் அவ்வாறே. வெளியே ஓட்டம் தெரிகின்றது. உள்ளே தேய்வு தெரிவதில்லை. நாம் தாங்கிப் பழகியவர்கள் என்பது, இன்னும் ஏற்றுவதற்கு எவருக்கும் அனுமதிப் பத்திரம் ஆகாது.

கற்றோர் கேட்க வேண்டிய கேள்வி

2022 ஜூலையில் கியூஆர் முறையிலான எரிபொருள் அட்டை வந்தது. வரிசைகள் ஒழுங்காயின, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முதலில் அறிவித்த வாராந்தப் பங்கை நோக்குங்கள்: மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர்! லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடினாலும், ஐந்து லீற்றரில் முச்சக்கர வண்டி நாளொன்றுக்கு 18 கிலோமீற்றர்தானும் ஓட முடியாது. சக்கரத்தைச் சுழற்றிச் சோறு தேடுபவனுக்கு ஐந்து. வசதிக்காகச் சக்கரம் வைத்திருப்பவனுக்கு இருபது. பின்னர் இப்பங்குகள் கூட்டப்பட்டன. 2023 செப்டெம்பரில் அம்முறையும் நீங்கிற்று. எனினும் முதற் கணக்கை எழுதியவரின் கண்ணில் நின்றவர் எவர் என்பது அந்த எண்களில் பதிந்து கிடக்கின்றது.

வைத்தியரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் பொறியியலாளரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கின்றனர். அன்று அவர்களுள் எத்தனை பேர் இந்தக் கணக்கு அநீதியானது என்று சொன்னார்கள்? தமக்கு ஒரு தனி வரிசை வேண்டுமென்று கேட்ட குரல்களையே நாம் மிகுதியும் கேட்டோம். வைத்தியருக்கு எண்ணெய் வேண்டும் என்பது நியாயம். நோயாளியை அவரிடம் கொண்டுவந்து சேர்க்கும் சாரதிக்கும் வேண்டும் என்பது அதே அளவு நியாயம்.

செய்யத்தக்கவை

உலகச் சந்தையில் எண்ணெய் ஏறுவதை நாம் தடுக்க இயலாது. இறக்குமதி செய்யும் சிறு நாடு அதற்குரிய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். விலையை மறைத்துக் கடன் வாங்கி மானியம் கொடுத்த நாடு 2022இல் எங்கே போய் நின்றது என்பதையும் கண்டோம். ஆகவே “எல்லார்க்கும் எண்ணெய் மலிய வேண்டும்” என்ற வெற்று முழக்கத்தை நாம் எழுப்பவில்லை. சுமையை எவர் எவ்வளவு தாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் ஒழுங்கும் வேண்டும் என்கின்றோம்.

விலை திருத்தும் ஒவ்வொரு முறையும், இறக்குமதிச் செலவு இவ்வளவு, வரி இவ்வளவு, இலாபம் இவ்வளவு என்று பிரித்து மும்மொழியிலும் வெளியிட வேண்டும். ஏறும்போது ஏறும் கட்டணம் இறங்கும்போதும் இறங்க வேண்டும். பதிவு பெற்ற கடற்றொழிலாளருக்கும் பயிர்ச்செய்கையாளருக்கும் மண்ணெண்ணெய்ச் சலுகை அட்டைமூலம் நேரே கிடைக்க வேண்டும். கார்களுக்குப் பங்கு அளக்க முடிந்த பொறி படகுகளுக்கும் கிணறுகளுக்கும் அளக்க மாட்டாதா?

வெறுமையாகத் திரும்பும் லொறியால் இரட்டிக்கும் பத்து ரூபாவுக்கு மருந்து நம் கையிலேயே இருக்கின்றது. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் போகும் சரக்கையும் வரும் சரக்கையும் ஒன்றாகத் திட்டமிட்டால், ஒரே லொறி இரு வழியும் நிறைந்து ஓடும். 1956இல் ஓடத் தொடங்கி 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது. ஆட்களை ஏற்றும் அந்தப் பாதையில் வெங்காயமும் மரக்கறியும் ஏற்றும் பெட்டிகளை முறையாக ஓட்டுமாறு நம் பிரதிநிதிகள் இடைவிடாது வற்புறுத்த வேண்டும்.

இவை யாவும் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியவையும் அல்ல. மாகாணத்துக்குள் ஓடும் பயணிகள் போக்குவரத்தும் கூட்டுறவும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குரிய பொருள்கள். கடைசிப் பேருந்து ஓட வேண்டுமா என்பதை அந்த ஊரவர் தெரிந்தெடுத்த சபை தீர்மானிக்கலாம். ஆனால் வட மாகாண சபையின் பதவிக் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின், எரிபொருள் நெருக்கடி முற்றிய 2022ஆம் ஆண்டு முழுவதும், மக்கள் தெரிந்தெடுத்த சபை வடக்கில் இருக்கவில்லை. சுமை வந்து இறங்கிய வேளையில், அதைப் பற்றிக் கேட்பதற்கு நமக்கென ஒரு மன்றமே இல்லாதிருந்தது! தன்னாட்சி வேண்டும் என்று நாம் கேட்பது கொடிக்கும் கோஷத்துக்கும் மட்டுமன்று. இரவு ஏழு மணிக்கு ஒரு பேருந்து ஓடுவதற்காகவுமே என்பதை நம் தலைவர்கள் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாளைக் காலையும் சாரதி வண்டியை எடுப்பான். தோட்டக்காரன் இருள் விடியுமுன் சந்தைக்கு வருவான். சமாளிக்கின்றார்கள் என்று சொல்லி அவர்களைக் கடந்து போகாதீர்கள். “இன்று கிலோவுக்கு எவ்வளவு கழித்தார்கள்?” என்று தோட்டக்காரனைக் கேளுங்கள். அவன் சொல்லும் தொகையில் எண்ணெயின் விலை இருக்கின்றது; நம் அரசியலின் விலையும் இருக்கின்றது.