கையின் பலம் மட்டும் போதுமா?



திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். காலை வேளையில் அந்த வழியாகப் பேருந்தில் போனால் ஒரு சத்தம் காதில் விழாமல் இருக்காது. கடைக்காரர்கள் இரும்பு ஷட்டரைக் கடகடவென்று மேலே தள்ளுகிற சத்தம்தான் அது. கடைகளுக்கு மட்டும் இருந்த இந்த ஷட்டர் இப்போது வீடுகளின் கார் ஷெட்டுக்கும் வந்துவிட்டது. அதிலும் கையால் தள்ள வேண்டியதில்லை. மோட்டார் பொருத்தியிருக்கிறார்கள். காரில் உட்கார்ந்தபடியே ரிமோட்டை அழுத்தினால் தானே ஏறும், தானே இறங்கும்.

என் அண்ணன் வீட்டிலும் சென்ற கோடையில் இப்படி ஒன்றைப் பொருத்தினார்கள். பத்து நாள் ஆகியிருக்கும். அண்ணன் காரை வெளியே எடுத்துவிட்டு, சாலையைப் பார்த்தபடியே ரிமோட்டை அழுத்தினார். ஷட்டரின் அடியில், நிழலுக்காக ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஷட்டரும் கவனிக்கவில்லை. மதினி போட்ட கூச்சலில் அண்ணன் திரும்பிப் பார்த்து மறுபடியும் பொத்தானை அழுத்துவதற்குள் குட்டியின் பின்னங்கால் ஒடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை மணலை அள்ளி விளையாடுவதும் அதே இடத்தில்தான்.

அன்று மாலை அண்ணன் என்னிடம் கேட்டார்: “தம்பி, நீ ஃபிசிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறவன். ஷட்டர் ஆமை மாதிரிதானே இறங்குகிறது? பிறகு எப்படிக் கால் ஒடிந்தது?”

நல்ல கேள்வி. இதற்கு விடை காண உங்கள் பாடப்புத்தகமே போதும். ஒரு ஷட்டரின் நிறை 100 கிலோகிராம், உயரம் 2.5 மீட்டர், முழுதும் இறங்க ஆகும் நேரம் 20 வினாடி என்று வைத்துக்கொள்வோம். அதன் வேகம் வினாடிக்கு 0.125 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 0.8 ஜூல்தான் வரும். 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 32 ஜூல். அதாவது ஷட்டரைவிட 40 மடங்கு!

அப்படியானால் ஷட்டர் பந்தைவிடச் சாதுவானதா? இல்லை. பந்து மோதிவிட்டு விலகிப் போய்விடும். ஷட்டர் விலகாது. அடியில் ஏதோ தட்டுப்பட்டது என்பது மோட்டாருக்குத் தெரியாது. அது ஷட்டரைத் தொடர்ந்து அவிழ்த்துக்கொண்டே இருக்கும். அவிழ்ந்த தகடுகளின் எடை முழுவதும், ஏறத்தாழ 80 கிலோ, கீழே இருப்பதன்மேல் உட்காரும். ஒரு நெல் மூட்டையை மெதுவாகக் கொண்டுவந்து காலின்மேல் இறக்கிவைப்பது போன்றது இது. மெதுவாக இறக்கினாலும் மூட்டை மூட்டைதானே? இங்கே ஆபத்து வேகத்தில் இல்லை. நிற்காமல் அழுத்தும் விசையில் இருக்கிறது.

இப்போது கடைக்காரரின் பழைய ஷட்டரை நினைத்துப் பாருங்கள். அதுவும் கனமானதுதான். ஆனால் மேலே உருளைக்குள் சுருள்வில் இருக்கிறது. ஷட்டர் இறங்கும்போது வில் முறுக்கேறி ஆற்றலைச் சேமிக்கிறது; ஏறும்போது அதைத் திருப்பித் தருகிறது. ஆகவே கைக்கு அதிக வேலை இல்லை. ஆனால் அந்தக் கை இன்னொரு வேலையும் செய்கிறது. ஷட்டர் எதிலாவது இடித்தால் கை அதை உணர்கிறது. உடனே நிறுத்துகிறது. கண்ணும் அங்கேயே இருக்கிறது.

மோட்டார் வாங்கும்போது நாம் செய்யும் பிழை இதுதான். கையின் பலத்தை விலைக்கு வாங்குகிறோம். கையின் உணர்வை வாங்க மறந்துவிடுகிறோம். “இத்தனை கிலோ இழுக்கும், சத்தமே வராது, ரிமோட் இரண்டு தருகிறோம்” என்று விற்பவர் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்கிறோம். “எதிரே ஆள் இருந்தால் நிற்குமா?” என்று நாம் கேட்பதில்லை.

இந்தப் பிழைக்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்தது. அங்கே வீடுகளில் கார் ஷெட்டின் தானியங்கிக் கதவு நெடுங்காலமாக இருக்கிறது. 1982க்குப் பின் வந்த ஆண்டுகளில் 2 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 60 சிறுவர்கள் அக்கதவுகளின் அடியில் சிக்கி இறந்ததாக அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. 1990இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவுக் கருவிகளில், யாரும் சிக்காமல் காக்கும் ஏற்பாடு இருந்தே ஆகவேண்டும் என்றார்கள்.

அந்த ஏற்பாடு ஒன்றும் மாயம் அன்று. வாசலின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும் கருவி. மறுபக்கம் அதை வாங்கும் கருவி. இடையில் ஏதாவது வந்து கதிரை மறைத்தால், இறங்கும் கதவு நின்று மேலே திரும்பும். லிஃப்ட் கதவில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இதைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் பொருத்த வேண்டும். ஏன் தெரியுமா? இடுப்பு உயரத்தில் பொருத்தினால் பெரியவர்களை மட்டும்தான் அது காணும். தவழும் குழந்தையும் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டியும் அதன் பார்வைக்கு வரமாட்டார்கள். இதோடு, தட்டுப்பட்டதும் மேலே திரும்பச் செய்யும் உணர்விளிம்பு ஷட்டரின் அடிப்பட்டையில் இருந்தால் இன்னும் நல்லது.

“அதற்கு வேறு தனியாகப் பணம் கேட்கிறார்களே! நாம் கவனமாக இருந்தால் போதாதா?” என்று சிலர் கேட்கக்கூடும். என் அண்ணன் கவனக்குறைவான மனிதர் அல்லர். ஆனால் ரிமோட்டின் வசதியே, பார்க்காமலும் தொடாமலும் மூடலாம் என்பதுதான். பார்க்க வேண்டிய தேவையை நீக்கிவிட்டு, “எப்போதும் பார்த்துக்கொண்டே இரு” என்று மனிதனிடம் சொல்வதில் நியாயம் இல்லை. பணம் குறைவாக இருந்தால் ரிமோட்டை விட்டுவிடலாம். வாசலுக்கு அருகிலேயே, அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் இறங்கும் பொத்தானை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, மின்சாரம் போனால் என்ன ஆகும்? ஆடி மாதக் காற்றுக்கு ஒரு மரக்கிளை ஒடிந்து கம்பிமேல் விழுந்தாலும் ஊர் இருளில் மூழ்குவதை நாம் அறிவோம். அப்போது கைச்சங்கிலியை இழுத்தோ, மோட்டாரின் பிடியை விடுவித்தோ கதவைத் திறக்க வழி வேண்டும். அந்த வழியும் வீட்டில் இருக்கும் பாட்டியால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியேற வேறு கதவு இல்லாத ஷெட்டில் இது உயிர்ப் பிரச்சினை.

மூன்றாவது, கதவு யார் சொல்லுக்குத் திறக்கிறது என்பது. பூட்டுக்குப் பேர்போன மாவட்டத்துக்காரர்கள் நாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டின் உள்ளே லீவர்கள் இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். 5 லீவர்கள், ஒவ்வொன்றுக்கும் 6 உயரங்கள் என்று கொண்டால், 6ஐ 5 முறை பெருக்கி 7,776 விதமான சாவிகள் கிடைக்கும். கையால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் திருடனுக்குப் பொழுது விடிந்துவிடும்!

பழைய வகை ரிமோட்டிலும் இப்படி ஒரு நிலையான குறியீடு உண்டு. 12 இடங்களில் 0 அல்லது 1. மொத்தம் 4,096 குறியீடுகள். பூட்டுக்கு இது போதுமான எண்ணிக்கைதான். ஆனால் ரேடியோ அலை, கையைப் போலக் களைப்படையாது. 2015இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கார், குழந்தைகள் செய்தி அனுப்பி விளையாடும் ஒரு பொம்மையை மாற்றியமைத்து, இத்தகைய கதவுகளை 10 வினாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். ஒரு குறியீட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமாக வரும்படி அவற்றைக் கோத்து அனுப்பினார். நம் அந்தாதி போலத்தான்! இதனால் அனுப்ப வேண்டிய இலக்கங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆகவே ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறுகிற ரிமோட்டாகக் கேட்டு வாங்குங்கள். அதையும் ஏமாற்றும் வழிகள் உண்டு என்பதால், வெளியூர் போகும்போது மோட்டாரின் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஷட்டரில் நல்ல லீவர் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவதே என் கட்சி. இணைப்பைத் துண்டிக்காமல் பூட்டினால், யாராவது தெரியாமல் பொத்தானை அழுத்தும்போது மோட்டாரோ ஷட்டரோ பழுதாகிவிடும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இப்படி ஒரு கதவு இருந்தால், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். காலி அட்டைப்பெட்டி ஒன்றை ஷட்டருக்கு நேர் கீழே வைத்து, தள்ளி நின்று மூடச் சொல்லுங்கள். மறந்தும் கையையோ காலையோ நீட்டாதீர்கள். கதவு நின்று திரும்பினால் நல்லது. பெட்டி நசுங்கினால், அந்த நசுங்கிய பெட்டியை எடுத்துப்போய் அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். நீங்கள் வேறெதுவும் சொல்லத் தேவையிருக்காது.

அண்ணன் வீட்டு வாசலில் இப்போது இரண்டு பக்கமும், தரையை ஒட்டி, ஒளிக்கண்கள் இருக்கின்றன. ஆட்டுக்குட்டி வளர்ந்துவிட்டது, லேசாக நொண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை இன்னமும் அங்கேதான் மணலில் விளையாடுகிறது.