தண்ணீர் குடிக்கும் கார்

நம் ஊர்களிலே பழைய கார் வைத்திருப்போரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "கார் கொஞ்சம் தண்ணி குடிக்கும், மற்றப்படி நல்ல கார்" என்பர். மாட்டின் குணத்தைச் சொல்வது போல அதனைக் காரின் பிறவிக்குணமாக ஏற்றுக்கொண்டு, காலையில் ஒரு செம்பு தண்ணீரை வார்த்துவிட்டுப் புறப்படுவர். நாமும் ஏறக்குறைய ஐந்து வாரம் அவ்வாறே செய்து வந்தோம். அதனால் நேர்ந்ததை முதலிற் சொல்லிவிடுகிறோம். இப்பகுதியை வாசிக்கும் குடும்பங்களிலே ஒருவரேனும் இன்று காலை அந்தச் செம்புடன் முற்றத்தில் நின்றிருக்கக் கூடும்.

சென்ற பங்குனியில், எம் தாயாரைக் கண் சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் அழைத்துச் செல்ல, வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே புறப்பட்டோம். ஓமந்தை கழிந்தது, புளியங்குளம் கழிந்தது, வெயிலும் ஏறியது. கனகராயன்குளத்தை அணுகும்போது வெப்பங்காட்டும் முள் நடுவிலிருந்து மெல்ல மேலேறிற்று. வண்டியை நிறுத்துவோமா என்று எண்ணிய வேளையிலே, முள் தானாகவே கீழிறங்கி, குளிர்ந்த எஞ்சினுக்குரிய இடத்திற் போய் நின்றது. "பிள்ளையார் கண் பாத்திட்டார்" என்றார் பின்னாசனத்திலிருந்த தாயார். நாமும் அப்படியே நம்பி விரைவைக் கூட்டினோம். மாங்குளத்தைக் காணுமுன்பே எஞ்சின் கடகடவென்று இடித்து நின்றுவிட்டது.

மாணவருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஒருவர் இவ்வாறு ஏமாந்தது வெட்கத்துக்குரியதே. வெப்பத்தை உணரும் சிறு உலோக முனை எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீரில் அமிழ்ந்திருந்தாற்றான் முள் உண்மை பேசும். தண்ணீர் வற்றிவிட்டால் அம்முனை வெறுங்காற்றிலும் ஆவியிலும் நிற்கும், முள் சரிந்துவிடும். எஞ்சின் குளிர்ந்தமையாலன்று, அளப்பதற்குத் தண்ணீர் இல்லாமையாலேயே அன்று எமது முள் இறங்கியது. மேலேறிய முள் காரணமின்றித் திடீரென வீழ்ந்தால், அந்தக் கணமே வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

எஞ்சினின் ஹெட் வளைந்து, கஸ்கற் கருகிப் போயிற்று. பழுதுபார்த்த செலவு எமது இரண்டு மாதச் சம்பளம். தாயாரின் சிகிச்சை நாளும் தவறி, அடுத்த நாள் ஏழு வாரம் தள்ளிக் கிடைத்தது. கராஜில் எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் எம்மை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "மாஸ்ரர், ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டனீங்கள் சரி. அது எங்கை போகுதெண்டு ஒரு நாளும் தேடேல்லையோ?"

இக்கேள்விக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. எந்தக் காரும் தண்ணீர் குடிப்பதில்லை. பெற்றோல் எரிந்து தரும் வெப்பத்திலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை எஞ்சினிலிருந்து வாங்கி, றேடியேற்றரிலே காற்றுக்குக் கொடுத்துவிட்டு, அதே தண்ணீர் மீண்டும் எஞ்சினுக்கு வருகின்றது. மூடிய சுற்று அது. அங்கே குறைந்த தண்ணீர் எங்கோ வெளியேறியிருக்கின்றது என்பதே பொருள்.

குளத்தை அறிந்த வன்னி மக்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. எஞ்சினும் றேடியேற்றரும் ஒரு குளம். தெர்மோஸ்ரற் அதன் துருசு. எஞ்சின் ஏறக்குறைய 80 முதல் 90 பாகை செல்சியசுக்குச் சூடாகும் வரை அது மூடியிருந்து, பின்னரே றேடியேற்றருக்கு வழிவிடும். றேடியேற்றரின் மூடியோ குளத்தின் வான் போன்றது. உள்ளே அமுக்கம் அளவுக்கு மேற் சென்றால் திறந்து, மிகுதியைப் பக்கத்திலுள்ள பிளாஸ்ரிக் போத்தலுக்கு அனுப்பும். எஞ்சின் ஆறியதும் அதனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். குளத்தின் நீர்மட்டம் மழையின்றி நாளுக்கு நாள் இறங்கினால் கமக்காரர் சும்மா இருப்பாரா? அணைக்கட்டின் நீளத்துக்கும் நடந்து, எங்கே ஈரம், எங்கே கசிவு என்று பார்ப்பார். காரின் சொந்தக்காரரே செம்புடன் நின்றுவிடுகிறார்.

மாணவ நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்த பாத்திரத்திலே தண்ணீர் 100 பாகையிற் கொதிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். றேடியேற்றர் மூடி வளிமண்டல அமுக்கத்தின் மேல் இன்னுமோர் அவ்வளவு அமுக்கத்தைத் தாங்கி நின்றால், அதே தண்ணீர் 120 பாகை வரை கொதிக்காது. சரிபாதி கூலன்ற் கலந்தால் கொதிநிலை 130 பாகையை அண்மிக்கும். ஆகவே ஊசிமுனைக் கசிவொன்று தண்ணீரை மட்டுமன்றி இந்த அமுக்கத்தையும் கொண்டு போகின்றது. அமுக்கம் போனால் கொதிநிலையும் கீழே இறங்கும். மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தாலும் இதுவே நிகழும். பெருஞ் செலவுக்கு ஆயத்தமாகுமுன் அந்தச் சிறு மூடியை மாற்றிப் பார்ப்பது நன்று.

இனிக் கசிவைத் தேடும் முறை. எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும் விடியற்காலையே அதற்கேற்ற நேரம். போத்தலின் நீர்மட்டத்தில் மையினால் ஒரு கோடு கீறி, ஒரு கிழமைக்குப் பின் அதே காலைவேளையில் ஒப்பிடுக. இரவில் காரின் கீழ் வெள்ளைக் கடதாசி மட்டையை விரித்துவிட்டாற் சொட்டு விழுந்த இடம் காலையிற் தெரியும். நிறமும் மணமுமற்ற தண்ணீர் பயணி ஆசனத்தின் கீழ்ப்புறமாய்ச் சொட்டியிருப்பின் அது பெரும்பாலும் ஏசியின் நீர், அஞ்சவேண்டியதில்லை. பச்சை, சிவப்பு, நீலம் என நிறங்கொண்டு, பிசுபிசுத்து, இனித்த மணம் வீசினால் அது கூலன்ற். அதனை நாவில் வைத்துப் பார்ப்போரும் உளர், அது நஞ்சு. சிறுபிள்ளைகளும் நாய் பூனைகளும் அதன் இனிப்பை நாடக் கூடுமாதலால் உடனே கழுவிவிடுக.

எமது கார் முற்றத்தில் ஒரு சொட்டும் விட்டதில்லை. எம்மை ஏமாற்றியதும் அதுவே. எஞ்சின் சூடாகி அமுக்கம் ஏறும்போது மாத்திரம் கசிந்து, சுடுகின்ற இரும்பிலே பட்டு உடனே ஆவியாகிவிடும் கசிவுகள் உண்டு. வழிந்து காய்ந்த வெள்ளைப் படிவும் நிறக்கறையுமே அவற்றின் தடயம். குழாய்கள் கிளிப்புடன் சேருமிடம், றேடியேற்றரின் பிளாஸ்ரிக் தலை அலுமினியத்தோடு பொருந்தும் விளிம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர்ப்பம்பியின் அச்சுக்குக் கீழே வேண்டுமென்றே விடப்பட்ட சிறு துவாரம் ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும். பம்பியின் உள்ளடைப்புத் தேய்ந்துவிட்டது என்பதை அத்துவாரம் கசிந்தே அறிவிக்கும். எமது காரில் அது ஐந்து வாரம் அறிவித்துக்கொண்டேயிருந்தது. கண்ணாற் காண முடியாதவிடத்து, கராஜில் கைப்பம்பி ஒன்றை மூடியின் இடத்திற் பொருத்தி, ஆறிய எஞ்சினுக்கு மூடியில் குறித்த அளவு காற்றமுக்கம் கொடுப்பர். கால்மணி நேரத்திலே அமுக்கம் இறங்கினாற் கசிவு உண்டு. எங்கே என்பதும் அநேகமாகத் தெரிந்துவிடும்.

வெளியே கசிவேயின்றித் தண்ணீர் குறைவது மிகவும் பாரதூரமானது. கஸ்கற் பழுதுபட்டு எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் இறங்குவதன் அடையாளம் அது. எஞ்சின் சூடேறிய பின்னும் புகைக்குழாயிலிருந்து வெண்புகை தொடரும். ஒயில் மூடியின் உட்புறத்திற் பால்தேநீர் நிறத்திலே கூழ் படியும். காலையில் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை இயக்கினால் றேடியேற்றரிலே குமிழிகள் இடைவிடாது எழும். இவற்றுள் ஒன்றைக் கண்டால் பயணத்தை ஒத்திப்போடுதலே அறிவு.

கசிவே இல்லாமலும் சூடேறலாம். சந்தை நெரிசலில் ஏறி, வெட்டைவெளி வீதியில் ஓடும்போது இறங்கினால் விசிறியைச் சந்தேகிக்க. மாறாக, நிற்கும்போது அடங்கியிருந்து, விரைந்தோடும்போதும் சுமையிழுக்கும்போதும் ஏறினால் றேடியேற்றர் அடைபட்டிருக்கலாம். வன்னியிலே இதற்குப் பெருங்காரணம் எமது கிணற்று நீர். தேநீர்க் கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைச் சுண்ணம் றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படியும். கூலன்ற் வாங்க இயலாதவர் வடித்த நீரையாவது வார்க்க. அவசரத்திற்கு மட்டுமே கிணற்று நீர். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறிவிட்டால் துருசு, அதாவது தெர்மோஸ்ரற், திறக்கவில்லையெனலாம். "எங்கடை வெக்கைக்கு இது தேவையில்லை" என்று அதனைக் கழற்றி எறியும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. இதை நாம் ஏற்பதற்கில்லை. எஞ்சின் தன் உரிய சூட்டை அடையாமல் பெற்றோல் வீணாகும். சில எஞ்சின்களில் தண்ணீர் றேடியேற்றரைச் சுற்றாமலே குறுக்குவழியாகத் திரும்பி, முன்னிலும் அதிகமாகச் சூடேறும்.

பழைய தந்திரங்களின்மேல் நமக்குள்ள பற்றின் காரணமும் விளங்குகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே, கார்புரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டிய மக்கள் நாம். அவ்வெஞ்சின்கள் எரிவாயுக் கலவையைச் சுமார் 7 மடங்கே அமுக்குவன. அதனால் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. அவற்றின் பித்தளை றேடியேற்றரை ஈயம் வைத்து ஒட்டவும் முடிந்தது. இன்றைய எஞ்சின்கள் 10 மடங்குக்கு மேலும் அமுக்குவன; அலுமினிய ஹெட் ஒரு முறை மிகச் சூடேறினாலே வளைந்துவிடும். கசிவை அடைக்க மஞ்சள்தூள் இடும் வழக்கம் இந்திய லொறிச் சாரதிகளிடம் உண்டு. அத்தூள் துளையை மட்டும் தேர்ந்து அடைக்கும் என்பதற்கு என்ன உறுதி? மேலும், 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறந்தது. பழைய காரின் விலையும் ஏறி நிற்கும் நாளில், உள்ளதைக் காப்பதன்றி நம்மிற் பலருக்கு வேறு வழியில்லை.

வழியிலே சூடேறிவிட்டால் ஏசியை நிறுத்தி, நிழலில் ஒதுக்கி, எஞ்சினை அணைத்துவிடுக. மூடியைத் தொடவே கூடாது. 110 பாகையிற் கொதியாமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்து அமுக்கம் நீங்கிய கணமே பொங்கி முகத்திலடிக்கும். சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்பாரின் பேச்சைக் கேளாது, மேற்குழாய் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும் வரை காத்திருப்பதே வழி. அது ஒரு மணி நேரமும் ஆகலாம். எஞ்சின் நின்ற பின்னும் மின்விசிறி திடீரெனச் சுழலுமாதலால் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். சுடுகின்ற எஞ்சினுக்குள் குளிர்நீரை வார்த்தால் இரும்பு வெடிக்கும். யாருக்கேனும் சுட்டுவிட்டால் அவ்விடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த ஓடுநீர் விடுக, பற்பசை பூசாதீர்கள், பின் வைத்தியரிடம் செல்க.

ஏழு வாரம் கழித்துத் தாயாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் புறப்பட்டோம். இம்முறை முறிகண்டியை அடைந்தோம். வீதியிற் செல்வோர் யாவரும் போல இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தோம். தாயார் கச்சான் சுருளுடன் வந்தபோது நாம் காரின் கீழே குனிந்திருந்தோம். மண்ணிற் சில சொட்டு ஈரம். விரலாற் தொட்டு மணந்து பார்த்து, ஏசித் தண்ணீர்தான் என்றோம். அவர் நம்பவில்லை.

"தம்பி, அந்தப் போத்தல் கோட்டையும் ஒருக்காப் பார்" என்றார். பொனற்றைத் திறந்து பார்த்தோம். தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. சூட்டில் அவ்வளவு ஏறுவது வழக்கமே.