ஊமத்தை டேட்டிங் போனதா அண்ணாச்சி?

குடிக்கும் பானத்தில் யாரோ மயக்கப்பொருள் கலந்துவிடுவது பற்றிப் பேச்சு வந்தபோது, சீவலப்பேரி டீக்கடையில் அண்ணாச்சி ஒருவர் தீர்ப்பு சொன்னார்: “இதெல்லாம் பப்பு, டேட்டிங்னு போற பட்டணத்துப் பிள்ளைகளோட பிரச்சனை.”

அப்படியா? 19ஆம் நூற்றாண்டில் வழிப்போக்கர்களுக்குச் சோற்றில் ஊமத்தை விதை கலந்து கொடுத்துக் கொள்ளையடித்தார்கள். அவர்கள் எந்த பப்புக்குப் போனார்கள்? ரயிலில் மயக்க பிஸ்கட் தின்று நகையை இழந்தவர்கள் யாரோடு டேட்டிங் போனார்கள்? ஏமாந்த ஆணைப் ‘பாவம்’ என்கிறோம். பெண்ணை மட்டும் ‘ஏன் போனாள்’ என்கிறோம்.

குற்ற நோக்கோடு மயக்கப்பொருள் கொடுத்தாலே பாரதிய நியாய சன்ஹிதா 123ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. குடித்தவள் ஏன் போனாள் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

‘கவனமாகக் குடித்தால் தெரியாதா?’ என்றும் கேட்டார். சிற்றாறு தாமிரபரணியில் கலந்தபின் எது எந்தத் தண்ணீர் என்று நம்மூர்க்காரருக்கே தெரியாது. ஜிஹெச்பி என்ற நிறமற்ற மயக்க மருந்து ஜூஸில் தெரியுமா? கண்பார்வையை விட்டு அகன்ற டம்ளரைத் திரும்பத் தொடாமல் இருக்கலாம், மூடி திறக்காத பாட்டிலைக் கேட்டு வாங்கலாம். குடித்த அளவுக்கு மீறித் தலை சுற்றினால் உடனே தோழியை அழைக்க வேண்டும், அல்லது அவசர உதவி எண் 112-ஐ. ஜிஹெச்பி சுமார் 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்தும் மறைந்துவிடும். அந்த 12 மணி நேரத்தையும் ‘வெளியே சொன்னால் மானம் போகும்’ என்று, பரிசோதனைக்கு அனுப்பாமல் அவளை வீட்டில் உட்கார வைத்துக் கழிப்பது யார், அண்ணாச்சி?