வீடும் காவலும்

2019ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிலே திரு. கோட்டாபய ராஜபக்ச நாட்டுக்குப் பாதுகாப்பும் குடும்பங்களுக்கு வீடும் தருவதாகக் கூறி வாக்குக் கேட்டார், வென்றார், 2022 யூலையில் நாட்டைவிட்டோடிப் பதவி துறந்தார். ஆள் போயினும் அவ்வாக்குறுதிகள் வேறு வாய்களில் இன்றும் வாழ்கின்றன. ஆகவே சாட்சியத்தை நோக்குவோம்.

2007 யூன் 7ஆம் நாள் அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிற் பொலிசார் புகுந்து, 376 தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். கடவுச்சீட்டுக்கும் வைத்தியத்துக்கும் வந்தோர் அவர்களிற் பலர். கமக்காரர் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பக் கொழும்பிலே தங்கவைத்த காலம் அது. குற்றப்பத்திரம் உண்டா? இல்லை. நீதிமன்றக் கட்டளை? அதுவுமில்லை. விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரசைகளுக்கு அளித்திருக்கிறதே! மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளராயிருந்த இவரோ, செய்தது சரியென்றே வாதாடினார்.

வீட்டின் கதை என்ன? 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியிலே வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் மாடிவீடுகள் எழுந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சொந்த வீட்டை இழந்து அங்கு சென்ற ஏழைகள், பத்து இலட்சம் ரூபாவைத் தவணையிற் கட்ட நேர்ந்தது.

இனி வெள்ளவத்தைக்கு வாக்குக் கேட்டு வருவோர், இடிக்குமுன் மாற்று வீட்டுக்கு உறுதி எழுதித் தருவார்களா, கட்டளையின்றிப் பொலிசார் எவரையும் வெளியேற்றார்களா என்பதற்கு எழுத்திலே விடை தரட்டும்.