விபத்து வழக்கும் பெண் வக்கீலும்

பெண்கள் வக்கீல் தொழில் புரிதற்கு இருந்த தடை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் நீங்கிற்று. ஆயினும், போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையவேண்டிய விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் அவர்கட்கு ஏற்றவையல்ல என்பார் இன்றும் உளர். இஃது ஏற்கத்தக்கதன்று.

மோட்டார் விபத்தில் மாண்ட இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை யாது? 1994-இல் சேர்க்கப்பட்ட சட்ட அட்டவணை, கணவன் வருவாயில் மூன்றிலொரு பங்கு என்றது. 2001-ஆம் ஆண்டு ஜனக்கணக்கு அவளைப் பிச்சைக்காரரோடும் கைதிகளோடும் ஒரு வரிசையில் வைத்தது. 2010-இல் உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் அதனைக் கண்டித்தார். அடுப்படியின் அருமை அறிந்தோர் வாதிட வேண்டிய இடமன்றோ இது?

எனினும், இரக்கம் மட்டும் போதாது. வயது, வருவாய், ஊனத்தின் அளவு ஆகியவற்றைக் கொண்டு நஷ்டஈட்டைக் கணிக்கும் முறையை ஐயமறக் கற்றல் வேண்டும். சட்டம் பயிலப் புகும் நம் மாணவியர் இத்துறையை எளிதென்றும் இழிவென்றும் எண்ணாது மேற்கொள்வாராக.