முந்தி ஓடும் சக்கரம்

உங்கள் மகளோ மருமகளோ அமெரிக்காவில் குடித்தனம் செய்கிறாளா? அப்படியானால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவளுக்கு அனுப்பி வையுங்கள்.

வட கரோலினாவில் இருக்கும் என் அக்கா மகள் வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கர் புல்தரை. சென்ற மாதம் டெலிபோனில், "சித்தி, புல் வெட்டும் வண்டி இடது பக்கமாகவே இழுக்கிறது. இரண்டு மாதமாக வலது கையை அடக்கிப் பிடித்தே ஓட்டுகிறேன். நேற்றுக் குட்டைக் கரையில் கை ஓய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு முழம் போயிருந்தால் தண்ணீர்தான்!" என்றாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அது 'ஜீரோ டர்ன்' வண்டி. 1963-இல் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரெகியர் என்பவர் உருவாக்கிய வண்டியின் வழியில் வந்தது. திருப்புவதற்கு வட்டச் சக்கரம் கிடையாது, இரண்டு கைப்பிடிகள்தாம். இடது கைப்பிடி இடது பின்சக்கரத்தையும், வலது கைப்பிடி வலது பின்சக்கரத்தையும் ஓட்டும். ஒன்றை முன்னே தள்ளி, மற்றதைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றும்!

இது இரட்டை மாட்டு வண்டி மாதிரிதான். வலது மாடு முந்தினால் வண்டி இடது பக்கம் சாயும். ஆகவே, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துச் சக்கரமே வேகக்காரச் சக்கரம்.

யந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பிரிக்கச் சொன்னேன். முதலில் டயர். இடது பின் டயரில் காற்று மூன்று பவுண்டு குறைவு! புத்தகம் சொன்ன அளவுக்கு இரண்டிலும் சமமாக அடித்ததும் பாதி இழுப்பு நின்றது.

பிறகு கத்தியை ஓடவிடாமல், சமதரையில் ஐந்து நிமிஷம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கினாள். இரண்டு கைப்பிடிகளையும் முழுக்கத் தள்ளிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, வலது கைப்பிடி முன்னே போய் முட்டும் இடத்திலுள்ள திருகாணியின் பூட்டு நட்டைத் தளர்த்தினாள். கைப்பிடி சற்று முன்னதாகவே நிற்கும்படி கால் சுற்றுத் திருகி, நட்டை இறுக்கி, மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவை வண்டி கோடு போட்டாற்போல் நேரே போயிற்று. சில வண்டிகளில் இந்தத் திருகு பின்பக்கத்துக் கம்பியில் இருக்கும், புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனியுங்கள்: மெதுவாக ஓடுவதை விரட்டவில்லை, முந்துவதைத்தான் அடக்கினோம். சூடேறிய பிறகு ஒரு பக்கம் மட்டும் சோர்ந்தால் அது திருகாணி விவகாரமல்ல. எண்ணெய் குறைந்திருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம், பட்டறைக்கு அனுப்புங்கள்.

வண்டி சீரானாலும் சரிவில் துணிச்சல் வேண்டாம். அங்கே சக்கரம் வழுக்கினால் திருப்புவதற்கு வேறு வழியே இல்லை. 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு கூடாது என்று பல புத்தகங்கள் எச்சரிக்கின்றன. குட்டைக் கரையைக் கையால் தள்ளும் சிறு யந்திரத்துக்கு விட்டுவிடுங்கள்.

"இத்தனை நாள் கைவலியோடு சமாளித்தேனே, சித்தி!" என்று அங்கலாய்த்தாள். நம்மில் பலரும் அப்படித்தானே? கோளாறைத் திருத்தக் கால்மணி போதும். நாமோ அதைச் சமாளிக்கப் பழகி, அதற்குப் பொறுமை என்று பெயரும் வைத்துவிடுகிறோம்!