சிரிக்கும் டாக்டர்

1992இல் வந்த 'டாக்டர் கிகில்ஸ்' படத்தை அன்றைய விமர்சகர்கள் பெரும்பாலும் உதறித் தள்ளினார்கள். கதை பழசுதான்: மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய ஒருவன், அப்பா டாக்டராக இருந்த ஊருக்கே திரும்பி, வரிசையாகத் தீர்த்துக்கட்டுகிறான். ஆனால் கோடரிக்குப் பதில் அவன் கையில் டாக்டர் பை. இயக்குநர் மேனி கோட்டோவின் குறும்பு அங்கேதான் இருக்கிறது. முகத்தையே மூடுமளவு பெரிய பிளாஸ்திரியை ஒருத்தியின் வாயிலும் மூக்கிலும் ஒட்டுகிறான். அவள் மூச்சுக்குத் தவிக்கும்போதே நமக்குச் சிரிப்பும் வந்து தொலைக்கிறது. காரணம் உண்டு. வாயைத் திற, கையை நீட்டு என்று டாக்டர் சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்காமல் செய்து பழகியவர்கள் நாம். முகமூடிக்காரனைக் கண்டால் ஓடுவோம். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டால் சட்டைப் பொத்தானைக் கழற்றுவோம். அந்தக் கீழ்ப்படிதலைத்தான் படம் கிண்டலடிக்கிறது. கொலைக்கொரு மருத்துவ ஜோக் என்பது பாதிப் படத்திலேயே சலித்துவிடுகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் படத்தைத் தாங்குபவர், கொலைகாரனாக நடித்த லாரி டிரேக். 'எல்.ஏ. லா' தொடரில் வெகுளி பென்னியாக வந்து இரண்டு எம்மி விருது வாங்கியவர், இங்கே ஒரு கிளுகிளுச் சிரிப்பிலேயே வயிற்றைக் கலக்குகிறார். லிட்டர் கணக்கில் ரத்தம் ஊற்றினால்தான் பயம் வரும் என்று நம்பும் இயக்குநர்கள் அதை ஒருமுறை கேட்கட்டும்.